தாயுமானவரும் சத்திரசிகிச்சைக் கூடமும்

இலக்கியம் மக்கள் வாழ்விலிருந்து பிறக்கிறது என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். ஆனால் மக்கள் பிறப்பதை நம் இலக்கியம் எவ்வாறு கண்டது என்று கேட்டவர் மிகச் சிலரே. களத்தில் மாண்ட மகனைத் தேடிச் சென்ற தாயைச் சங்கப் புலவர் பாடினர். அம்மகனை அவள் பெற்ற இரவைப் பாடினாரில்லை. பொன்முடியாரின் புகழ்பெற்ற புறப்பாட்டிலும், ஈன்று வளர்த்தல் தாயின் கடமை என்ற அளவில் அவள் செய்தி முடிந்துவிடுகிறது. அதன்பின் கொல்லனும் வேந்தனும் வாளும் களிறும் வந்துவிடுகின்றன.

எனினும் பேறுகாலத்தை நேரே நோக்கிய கதைகள் இரண்டு நம் சைவ மரபில் உண்டு. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, சேக்கிழார் கூறும் கோச்செங்கட் சோழர் பிறப்பு. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை உலகாளும் என்று சோதிடர் சொல்ல, கால்களைப் பிணித்துத் தன்னைத் தலைகீழாகத் தொங்கவிடும்படி கமலவதி கேட்கிறாள். குறித்த நாழிகையில் பிள்ளை பிறக்கிறது. சிவந்த அதன் கண்களைக் கண்டு பெயர் சொல்லி அழைத்த தாய் உடனே உயிர் துறக்கிறாள். அவளே விரும்பிக் கேட்டாள் என்பதனால் கொடுமை குறைந்துவிடுமா? அரியணையின் தேவையைத் தன் விருப்பமென்றே ஒரு பெண் நம்பும்படி செய்த சமுதாயத்தின் கொடுமை அது. அந்த நாழிகைக் கணக்கு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. நல்ல நேரம் குறித்துக் கொடுத்து, அந்நேரத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும்படி தனியார் வைத்தியசாலைகளிடம் கேட்கும் குடும்பங்கள் தமிழகத்தில் இன்றும் உண்டு.

இரண்டாவது, திருச்சிராப்பள்ளித் தலபுராணக் கதை. இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண் பேற்றுவலியில் தனித்திருக்கிறாள். காவிரியில் வெள்ளம், துணைக்கு வரவேண்டிய தாய் மறுகரையில் நிற்கிறாள். இறைவன் தாயின் வடிவில் வந்து பேறு பார்க்கிறான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்வரை உடனிருக்கிறான். தாயுமானவர் என்ற பெயர்க்காரணம் இதுவே.

கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர வகுப்பு ஒன்றில் இக்கதையை நான் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “ரீச்சர், கடவுள் எண்டால் வெள்ளத்தை வத்தப் பண்ணியிருக்கலாந்தானே? ஏன் தாயாய் வந்தவர்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கதையைப் பற்றிய முதல்தரமான விமர்சனம் அந்தக் கேள்வியே என்று இன்றும் கருதுகிறேன். வெள்ளத்தை வற்றச் செய்திருந்தால் அது கடவுளின் வல்லமையைக் கூறும் கதையாக முடிந்திருக்கும். வலியையும் அவன் நீக்கவில்லை. அருகே இருந்தான், அவ்வளவே. பேறுகாலத்துப் பெண்ணுக்கு முதற்கண் வேண்டுவது என்னவென்பதைக் கதையைப் படைத்த மக்கள் அறிந்திருந்தனர்.

ஆயினும் அம்மக்களின் அறிவுக்கு ஓர் எல்லை இருந்தது. கதையில் துணையிருந்தவன் கடவுள்; ஊரில் துணையிருந்தவள் மருத்துவிச்சி. கடவுளுக்குக் கோயில் எழுந்தது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த மருத்துவிச்சிக்கோ, பிள்ளையை ஏந்தும் அறைவரை அனுமதி, அடுப்படிக்கு அனுமதியில்லை. இன்று மேனாட்டில் பேற்றுத் துணைவியை ‘டூலா’ என்கின்றனர். அடிமைப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. பேற்றுக்கு உதவும் கையை எல்லா நாட்டாரும் கீழாகவே எண்ணினர் போலும்! இன்றைய டூலாவோ அங்கே பெரும்பாலும் பணம் கொடுக்க இயன்றவர்க்கே கிடைக்கிறாள்.

நம் நவீன கதைகளுக்கு வருவோம். கணவன் விறாந்தையில் உலாவுகிறான். உள்ளே ஓர் அலறல். தாதி வெளிவந்து செய்தி சொல்லுகிறாள். எத்தனை கதைகளில், எத்தனை திரைப்படங்களில் இதைக் கண்டுவிட்டோம்! எழுத்தாளன் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறான். உள்ளே கிடப்பவளின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அவன் கேட்பதில்லை.

எனக்குத் தெரியும். என் பிள்ளை சத்திரசிகிச்சையாலேயே பிறந்தது. முதுகுத்தண்டில் மருந்து ஏற்றினால் இடுப்பின்கீழ் வலி இராது. ஆனால் நினைவு முழுதும் இருக்கும். மார்புக்குமேல் ஒரு பச்சைத் துணித்திரை. அதற்கப்பால் யாரோ என்னை இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தன. ஏன் என்று சொல்வார் இல்லை. பற்றிக்கொள்ள ஒரு கையும் இல்லை. என் தாயார் சுடுநீர்ப் போத்தலுடன் வாசலுக்கு வெளியே நின்றார். இடையில் ஓடியது காவிரி அன்று, ஒரு கதவுதான்.

உள்ளே இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். இரண்டு உயிர்களைக் காத்தவர்கள். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஏறத்தாழ 30. இலவச வைத்தியமும் ஊரூராய்ச் சென்ற மருத்துவமாதரும் மலேரியா ஒழிப்பும் ஈட்டிய வெற்றி இது. இதை மறந்து பழமையைப் போற்றுவது பிற்போக்கு. 2009இல் வன்னியில் பதுங்குகுழிகளிலும் தறப்பாள் கொட்டில்களிலும் பெண்கள் பிள்ளை பெற்றனர். அங்கே பற்றிக்கொள்ளக் கைகள் இருந்தன. மருந்தும் குருதியும் இருக்கவில்லை. சமாதான காலத்துக் கூடத்தில் மருந்து இருக்கிறது, கை இல்லை. ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பெறவேண்டும் என்று விதித்தது யார்?

விஞ்ஞானம் அவ்வாறு விதிக்கவில்லை. 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, 15,000க்கு மேற்பட்ட பெண்களின் அனுபவத்தை, ஒருங்கே மதிப்பிட்ட கொக்ரேன் அறிக்கை 2017இல் வெளிவந்தது. வலிக்காலம் முழுதும் துணை பெற்றவர்களுக்குச் சத்திரசிகிச்சையின் தேவை குறைகிறது, வலிநேரம் சுருங்குகிறது என்று அது காட்டியது. பெண் தானே தெரிந்த துணை அவளுடன் இருக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அரசு வைத்தியசாலைகளில் பேற்றுத் துணைத் திட்டம் 2004இலேயே தொடங்கிற்று. இவை வலிக்காலத்தைப் பற்றியவை. ஆனால் விழித்திருந்தே வயிறு கீறப்படுபவளுக்குத் துணை குறைவாகத் தேவைப்படும் என்று யார் சொல்வார்? பிரித்தானியாவில், முழு மயக்கம் கொடுக்காத சத்திரசிகிச்சையின்போது, துணைவர் தலைமாட்டில் அமர்வது வழக்கமாகிவிட்டது.

இடமில்லை, ஆளில்லை, கிருமி தொற்றும் என்பார்கள். இடநெருக்கடியும் ஆட்பற்றாக்குறையும் உண்மை. வன்னியில் மிகவும் உண்மை. ஆனால் ஆள் பற்றாத இடத்திலேயே ஊதியம் கேளாத துணைக்கு மதிப்பு அதிகம். கூடத்தில் வேலை செய்வோர் அணியும் தூய அங்கியை அவளும் அணியலாம். என்ன செய்யலாம், என்ன தொடலாகாது என்பதை முன்னரே கற்பிக்கலாம். தலைமாட்டில் ஒரு முக்காலி போதும்.

நம் பெண்கள் இதைச் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்கவேண்டும். இலவச வைத்தியத்துக்காகப் போராடிய இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இதுவும் ஏறவேண்டும். எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விறாந்தையை விட்டு உள்ளே வாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று: தாயுமானவர் கதையைப் படிப்பிக்கும்போது அந்த மாணவியின் கேள்வியையும் வகுப்பில் எழுப்புங்கள். விடையை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.