இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தியும் கோடரியும்

அமெரிக்க எபிஸ்கோப்பல் சபைகளின் டிசம்பரைப் பற்றி இப்போது ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. கடைத்தெரு இரைச்சலில் களைத்து வருகிறவர்களுக்குச் சபை தரக்கூடியது அமைதிதான். திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் பாடம் நடத்தி அவர்களை வாட்ட வேண்டாம், மெழுகுவர்த்தியை ஏற்றி மூச்சுவிட இடம் கொடுத்தால் போதும், கற்க வேண்டியதை வழிபாடே கற்றுக்கொடுத்துவிடும் என்கிறார்கள். நாளுக்கு ஒரு சொல்லை அனுப்பி, அதற்கேற்ற ஒரு படத்தோடு தியானிக்கச் சொல்லும் 'அட்வெண்ட்வேர்ட்' போன்ற முயற்சிகளுக்குக் கிடைக்கும் வரவேற்பும் இந்த மனநிலையிலிருந்து வருவதுதான்.

இந்தச் சபைகளின் டிசம்பரில் மெச்சத்தக்கவை உண்டு. நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளும் அவையும் ஒரே ஆங்கிலிக்கன் குடும்பம். ஆனால் இங்கே டிசம்பர் பிறந்ததுமே கீத பவனி தெருவில் இறங்கிவிடுகிறது. கட்டுப்பாடான எபிஸ்கோப்பல் சபையில் 24ஆம் தேதி மாலை வரை கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இடமில்லை. ஊரே ஒரு மாதம் முன்பாகக் கொண்டாடித் தீர்க்கும் நாட்டில், பீடத்தில் நீலமோ ஊதாவோ விரித்துவிட்டுக் காத்திருப்பதற்குத் துணிவு வேண்டும். இசையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1934இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எரிக் மில்னர்-வைட் வகுத்த திருவருகைப் பாடல் ஆராதனை இன்று அமெரிக்கச் சிற்றூர்ப் பாடகர் குழுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சபைகளில் கோயிலுக்குள் வாசிக்கப்படுவது ஒன்று, பக்கத்து மண்டபத்தில் பேசப்படுவது இன்னொன்று. எட்டு மணி ஆராதனைக்கும் பத்தரை மணி ஆராதனைக்கும் நடுவே காப்பிக் கோப்பையோடு பெரியவர்கள் கூடும் வகுப்பைச் சொல்கிறேன். டிசம்பரில் அங்கே என்ன நடக்கும்? மரியாள் ஓவியங்கள், கரோல் பாட்டுகளின் வரலாறு, குளிர்காலக் கவிதைகள், குடும்பத்தோடு மலர்வளையம் கட்டும் பட்டறை. எல்லாம் நல்ல பொழுது. ஆனால் அதே காலையில் கோயிலில் வாசித்த சுவிசேஷம் உலக முடிவைப் பற்றியது. மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 என்று மூன்றாண்டுச் சுழற்சியின் எந்த ஆண்டை எடுத்தாலும் முதல் ஞாயிறு அப்படித்தான் தொடங்குகிறது. அன்றைய ஜெபமும் உயிரோடிருப்போரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வரப்போகிறவரைப் பற்றியே பேசுகிறது. ஒரு காலத்தில் திருவருகைப் பிரசங்கத்தின் பொருள்கள் மரணம், நியாயத்தீர்ப்பு, மோட்சம், நரகம் என்ற நான்கும்தான். அந்த நாற்காலிகளில் இப்போது நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு உட்கார்ந்திருக்கின்றன.

இந்த நால்வரும் வந்த வழி மெழுகுவர்த்தி வளையம். 1839இல் ஹாம்பர்க்கில் லூத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விக்கர்ன், தன் இல்லத்து ஏழைப் பிள்ளைகள் பண்டிகைக்கு நாள் எண்ணட்டும் என்று ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். ஞாயிறுகளுக்குப் பெரியவை, வார நாட்களுக்குச் சிறியவை. அது நாள்காட்டியாக இருந்ததே தவிர உபதேசமாக இருக்கவில்லை. மெழுகுவர்த்திக்கு ஒரு நற்குணம் என்று பெயர் சூட்டியது பிற்காலத்து வேலை. எபிஸ்கோப்பல் திருச்சபையின் சிறப்பு ஆராதனை நூலே, இந்த வளையத்துக்குத் தனி ஜெபமும் ஆடம்பரச் சடங்கும் வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. யார் கேட்டார்கள்? ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குடும்பம் முன்னே வந்து, அன்றைய குணத்தைப் பற்றி நாலு வரி வாசித்துவிட்டுத் தீக்குச்சி கிழிக்கிறது. சபையார் நினைவில் தங்குவதும் அதுதான்.

இந்த மெழுகுவர்த்தியும் அன்றைய வாசிப்பும் எப்படி மோதுகின்றன என்பதற்கு 2024 டிசம்பர் 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லூக்கா ஆண்டின் மூன்றாம் ஞாயிறு. ஏற்ற வேண்டியது மகிழ்ச்சியின் இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி. வாசிக்க வேண்டியது லூக்கா 3. தன்னைத் தேடி வந்த கூட்டத்தையே விரியன் பாம்புக் குட்டிகள் என்று யோவான் ஸ்நானன் திட்டுகிறார், மரத்தின் வேரருகே கோடரி வைத்தாகிவிட்டது என்கிறார். மக்கள் வெலவெலத்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றைக் கொடுக்கட்டும், வரி வசூலிப்பவன் விதித்ததற்குமேல் வாங்கக் கூடாது, போர்ச்சேவகன் மிரட்டிப் பிடுங்கக் கூடாது. ஆளுக்கு ஏற்ற, கையோடு செய்யக்கூடிய பதில்கள். கோடரியைப் பற்றிய பேச்சு இல்லாவிட்டால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது. மகிழ்ச்சியைப் பற்றி நாலு வரி வாசித்து முடித்த சபையில் அப்படிக் கேட்க யாருக்குத் தோன்றும்?

எபிஸ்கோப்பல் திருச்சபையிடம் எனக்கு வருத்தம் கூடுவது இங்கேதான். இனவெறி, வறுமை, குடியேறிகள், பருவநிலை என்று சமூக நீதிக்காக அயராமல் தீர்மானம் போடும் திருச்சபை அது. தீர்ப்பில்லாமல் நீதி எங்கிருந்து வரும்? ஏமாற்றியவனுக்கும் ஏமாந்தவனுக்கும் நடுவே ஒருவர் கணக்குக் கேட்பார் என்பதுதானே ஏசாயா முதல் மரியாளின் பாட்டு வரை ஓடும் செய்தி? அக்டோபரில் நீதி பேசிவிட்டு டிசம்பரில் நியாயத்தீர்ப்பு என்ற சொல்லுக்கே கூசுவது, மருந்துச் சீட்டைச் சத்தமாக வாசித்துக்காட்டிவிட்டு மருந்து கொடுக்காமல் அனுப்புவதைப் போன்றது.

கூச்சத்துக்குக் காரணம் தெரியாமல் இல்லை. 1970இல் ஹால் லிண்ட்சேயின் புத்தகமும் 1995 முதல் 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல் வரிசையும் உலக முடிவை அமெரிக்கச் சந்தையில் பயமாக்கி விற்றன. சிறு வயதில் அந்தப் பயத்திலேயே வளர்ந்து, அதிலிருந்து தப்பி எபிஸ்கோப்பல் வாசலுக்கு வந்தவர்கள் பலர். அவர்களிடம் மறுபடி நியாயத்தீர்ப்பா என்று குருவானவர் தயங்குவது மனிதத்தன்மைதான். ஆனால் அந்தத் தயக்கத்தின் விளைவைப் பாருங்கள். அவர்கள் பழைய பயத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதைப் பற்றிப் பேசாத இடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். மத்தேயு 24 வாசிக்கப்படும்போது அவர்களுக்குத் தெரிந்த ஒரே விளக்கம் லிண்ட்சேயுடையது. வேறு விளக்கம் சொல்லும் கடமையுள்ளவர்கள் மலர்வளையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மௌனத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஃபிளெமிங் ரட்லெஜ். இத்திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். திருவருகைக் காலம் முதலில் பார்ப்பது தொழுவத்தை அல்ல, கடைசி நாளை என்று வற்புறுத்தும் அவருடைய நூல் 2018இல் வந்தது. அந்த நூலைப் பாராட்டாதவர்கள் குறைவு. மெழுகுவர்த்திகளின் பெயர்கள்தான் மாறவில்லை.

வழிபாடே கற்றுக்கொடுக்கும் என்ற வாதத்துக்கு வருவோம். ஆங்கிலிக்கன் மரபு அதில் பெருமைப்படுவது நியாயம். அதன் இறையியல் ஜெபப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது? வேதத்தைக் கேட்டு, வாசித்து, கற்று, உள்ளுக்குள் செரிக்க வேண்டும் என்ற கருத்துள்ள ஜெபத்தை, அந்தப் புத்தகத்தை முதலில் தொகுத்த கிரான்மர் 1549இல் திருவருகையின் இரண்டாம் ஞாயிறுக்கென்றே எழுதினார். படிப்பு இந்தக் காலத்தின் வேலை என்பது அவருடைய எண்ணம். 1979 அமெரிக்கத் திருத்தத்தில் அந்த ஜெபம் நவம்பர் நடுவுக்கு நகர்ந்துவிட்டது. நகர்த்தியவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். நடைமுறையில் படிப்பும் கூடவே நகர்ந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. மூன்று நிமிட வாசிப்பும் பன்னிரண்டு நிமிடப் பிரசங்கமும் தாமாக யாருக்கும் உலக முடிவை விளக்கிவிடுவதில்லை.

நேரமில்லை என்பார்கள். முதல் ஞாயிறுக்கு நன்றியறிதல் விருந்துப் பயணம், கடைசி ஞாயிறுக்குப் பிள்ளைகளின் நாடகம், நடுவில் விற்பனை விழா. 2023இல் நான்காம் ஞாயிறே 24ஆம் தேதியாகிவிட, மொத்தக் காலமும் 22 நாளில் முடிந்தது. இதற்காகவே திருவருகையை ஏழு வாரமாக நீட்டலாம் என்று சிலர் முயன்றுபார்க்கிறார்கள். உள்ளே போடும் சரக்கு மாறாவிட்டால் ஏழு வாரத்துக்கு இன்னும் மூன்று மெழுகுவர்த்தியும் மூன்று நற்குணங்களும் தேவைப்படும், அவ்வளவுதான்.

சரக்கைத் தேடி வெளியே போகவும் வேண்டாம். அதே 1979 ஜெபப் புத்தகத்தில் 845ஆம் பக்கத்தில் தொடங்கும் ஞானோபதேசம், குருமாரும் உபதேசியாரும் பாடம் நடத்துவதற்கென்றே வைக்கப்பட்டது. அதன் கடைசிப் பகுதி கிறிஸ்தவ நம்பிக்கை பற்றியது. கிறிஸ்து மகிமையில் வருவது என்றால் என்ன, மோட்சமும் நரகமும் எவை, கடைசி நியாயத்தீர்ப்பு எது என்று பத்துக்கும் குறைவான கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிப் பதில். பயமுறுத்தி விற்கும் தொனி அதில் கிடையாது. நரகம் என்பதே கடவுளை நாம் மறுத்து நிற்பதில் உள்ள நித்திய மரணம் என்றுதான் விளக்கப்படுகிறது. சரியா தவறா என்று நாற்பது நிமிடம் சண்டை போட இது ஒன்றே போதும். அந்தப் புத்தகம் ஒவ்வொரு இருக்கையின் முன்னாலும் செருகித்தான் இருக்கிறது, காப்பி மண்டபத்துக்குப் போகிறவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.