யாத்திராகமம் 34:21: விதைப்பா, உழவா?

நம் போதகர்களுள் பலர் அருளுரைக்கு ஆயத்தஞ்செய்கையில் 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தை இன்றும் துணைக்கொள்கின்றனர். அதிலுள்ள பழஞ்சொற்கள் சில பொருள் மாறிப்போனவை. 1 தெசலோனிக்கேயர் 4:15இல் ‘பிரிவென்ட்’ என்பது தடுத்தலன்று, முந்துதல். 2 தெசலோனிக்கேயர் 2:7இல் ‘லெட்’ என்பது விடுதலன்று, தடுத்தல். இவ்விடங்களில் 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் தமிழ் மொழிபெயர்ப்பை நோக்கினாலே ஐயம் தீரும்.

ஆயின் ஓரிடத்தில் அத்துணையும் போதவில்லை. ஓய்வுநாளைக் கூறும் யாத்திராகமம் 34:21இல் அவ்வாங்கிலம் ‘இயரிங்’ காலம் என்கிறது. ‘இயர்’ என்பது காது. தானியக் கதிருக்கும் அதுவே பெயர். ஆகவே கதிர்விடும் பருவம் எனக் கொள்ளத் தோன்றும். இதுவோ அவ்விரண்டினும் வேறான மூன்றாவது சொல். உழுதல் என்பது இதன் பொருள். லத்தீனின் ‘அராரே’ இதற்கு உறவு. (நம் ‘ஏர்’ ஒலியில் ஒத்திருப்பதைக்கொண்டு பிரசங்கபீடத்தில் சொல்லாராய்ச்சி நிகழ்த்தாதிருப்பது நலம்.) 1885இன் ஆங்கிலத் திருத்தம் இப்பழஞ்சொல்லை நீக்கி உழவு என்றே வெளிப்படையாக எழுதியது. எபிரெய மூலத்தில் உள்ள ‘காரீஷ்’ உழவையே குறிக்கும். இதே சொல்லை ஆதியாகமம் 45:6இல் ‘உழவு’ எனப் பெயர்த்த நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர், இங்கு ‘விதைப்பு’ என வைத்துவிட்டனர். பலஸ்தீனத்தில் முன்மாரிக்குப்பின் உழவும் விதைப்பும் அடுத்தடுத்தே நிகழ்ந்தன என்பதால் இதனைப் பெரும்பிழை என்று நாம் சொல்லோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம்பார்த்த பூமியில் நிலைமை வேறு. அங்கே கோடைமழையில் உழுவது ஒரு காலம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பது வேறொரு காலம். கரிசலில் புழுதியிலே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பாரும் உண்டு. உழவு அவ்வாறு காத்திராது. காய்ந்த கரிசல் பாறைபோல் இறுகும். மிக நனைந்தாலோ கொழுவில் அப்பிக்கொள்ளும். இடையில் பதம் நிற்பது சில நாட்களே. அந்நாட்களுள் ஒன்று ஓய்வுநாளாயின்? கட்டளை குடியானவனைத் தொடுமிடம் அதுவே. ‘விதைப்பு’ என வாசிக்கையில் இவ்விடம் அவன் செவிக்கு எட்டாது போகிறது.

மற்றொன்று. உழவின் பாரம் நிலத்துக்குரியவனைவிட எருதின் கழுத்திலும் கூலியாளின் தோளிலுமே மிகுதியாக விழுந்தது. 23:12 எருதையும் கழுதையையும் அடிமைப்பெண்ணின் பிள்ளையையும் அந்நியனையும் பெயர்சொல்லி இளைப்பாறச் செய்வதை இத்துடன் சேர்த்து வாசித்தல் வேண்டும்.

இன்று எருதின் இடத்தில் வாடகை டிராக்டர் நிற்கிறது. ஞாயிறன்று தன் முறை வரும்போது வேண்டாமென்பவனுக்கு மறுமுறை பதம் போனபின் வரலாம். அவனை நோக்கி ஓய்வு எளிதென்று பேச நமக்குத் துணிவில்லை. ஆயினும் அவ்வசனத்தை அவனுக்கு ‘உழவுக் காலத்திலும்’ என்றே வாசித்துக் காட்டுவோம். அவனும், டிராக்டர் ஓட்டுகிற கூலியாளும் ஒரே ஆராதனையில் அமர்ந்திருக்கக்கூடும்.