படம் ஒன்று, பேச்சு இரண்டு!

இராசபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டிலும், திருவில்லிபுத்தூர்த் துப்புரவுத் தோழர் குடிலிலும் தெலுங்கு பேசி வளரும் குழந்தை, பள்ளியில் அரிச்சுவடியின் முன் அமர்கிறது. 'ஆ' எனும் எழுத்தருகே ஆட்டின் படம். குழந்தையோ 'மேக' என்கிறது. 'இ' அருகே இலை; அதன் நாவிலோ 'ஆகு'! ஏடு இகரம் காட்ட, வீடு ஆகாரம் ஊட்டுகிறது. விழிக்கும் பிஞ்சுக்கு 'மந்தம்' எனப் பட்டம். பின்னர் 'தலையெழுத்து' எனத் தீர்ப்பு! கையில் எழுத்தைத் தராதவர் கட்டிய கதையன்றோ அது?

துதிக்கையாய் வளைந்த எழுத்து வடிவங்கள் பிள்ளைகளை வருத்துவது கண்டு, பெரியார் 1935இல் 'குடி அரசு' ஏட்டில் புது வடிவம் புகுத்தினார். அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று! 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அரும்பு, மொட்டு, மலர் என்னும் அதன் பிரிவுகள் கற்றல் நிலையைக் காட்டும். வீட்டு மொழியைக் காட்டா.

தமிழைத் தள்ளச் சொல்லவில்லை நாம். தமிழுக்குள் நுழைய வாயில் கேட்கிறோம். எலிக்கு அவ்வீட்டில் 'எலுக', ஈக்கு 'ஈக', அம்மா அங்கும் அம்மாதான். திராவிட உறவு தந்த இச்சொற்களை முதற்பக்கத்தில் வைத்து, ஆட்டையும் இலையையும் பின்னர்க் கற்பித்தால் என்ன கேடு? நெடுங்கணக்கின் வரிசை குலையும் என்பர் புலவர். குலையட்டுமே, ஒரு திங்கள்!