ஒத்தாசையும் பயிற்சியும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, முதலாண்டு மாணவர்களிடம் ‘நான் பார்த்த முதல் வேலை’ என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். பையன்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் பட்டறைக்குப் போனது, கல்யாணப் பந்தியில் பரிமாறியது, செல்போன் கடையில் நின்றது என்று ஆளுக்கொரு கதை. பெண்களில் பாதிக்கு மேல் வெறுந்தாளோடு வந்தார்கள். “நாங்க வேலைக்கெல்லாம் போனதில்ல மேம்.” அவர்களில் ஒருத்தி மேல்நிலையில் நர்சிங் பிரிவு படித்தவள். பயிற்சிக்கென்று மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவள். அங்கே போர்வை மாற்றியிருக்கிறாள், பெட்பேன் கழுவியிருக்கிறாள், மூத்தவர்களுக்கு டீ வாங்கி வந்திருக்கிறாள். அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அது வேலையா மேம்? சும்மா ஒத்தாசைதான.”

அந்த ‘சும்மா’வை அவள் கண்டுபிடிக்கவில்லை. பள்ளி மாணவர்களை வேலையோடு பழக்க வேண்டும் என்று நம் நாட்டில் எழுதப்பட்ட திட்டங்களையும் சட்டங்களையும் பெண்ணின் பக்கமிருந்து வாசித்தால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எல்லோரும் அறிவோம். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கமும் போராடின. 1954இல் காமராசர் முதல்வரானபின் திட்டம் கைவிடப்பட்டது. சாதியைத் தொழிலாக மகனின் தலையில் கட்டும் ஏற்பாடு அது என்பதை அந்தப் போராட்டம் தெளிவாகச் சொன்னது. மகளுக்கு அதில் என்ன இருந்தது? தாயிடம் சமையலும் வீட்டுவேலையும் கற்பது. குலக்கல்வி என்றதும் செருப்புத் தைப்பவர் மகனும் சவரத் தொழிலாளி மகனும் நம் நினைவுக்கு வருகிறார்கள். அடுப்படிக்கு அனுப்பப்படவிருந்த மகள் வருவதில்லை. காரணம் எளிது. பையனைப் பொறுத்தவரை அந்தத் திட்டம் பள்ளி கொடுத்ததைப் பறித்தது. பெண்ணுக்கோ, வீட்டில் ஏற்கெனவே நடப்பதற்குப் பாடம் என்று பெயர் வைத்தது. மகனின் குலக்கல்வி 1954இல் நின்றது. மகளின் குலக்கல்வியை யாரும் நிறுத்தவில்லை.

1964–66இல் கோத்தாரி ஆணையம், பொதுக்கல்வியின் ஒரு பகுதியாகவே வேலை அனுபவம் இருக்க வேண்டும் என்றது. கையால் உழைப்பதை இழிவாகப் பார்க்கும் சமூகத்தில் அது நல்ல எண்ணம்தான். 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு அதையே ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’ என்று விரித்தது. நான் படித்த பள்ளிக்கு அது எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? வாரம் ஒருநாள் கடைசி இரண்டு பிரிவேளை. பையன்கள் மின்விளக்குப் பலகை செய்தார்கள். நாங்கள் கைக்குட்டைக்கு ஓரம் தைத்தோம். ஸ்குரூடிரைவரைத் தொட வேண்டும் என்று கேட்டதற்கு, “புருசன் வந்து மாட்டிக்கொடுப்பான்” என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சட்டத்துக்கு வருவோம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம். அங்கே இருக்கும் சொல்லும் ‘உதவி’தான். பீடி சுற்றும் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுக்கும் சிறுமிக்கு, அது ஆபத்துப் பட்டியலில் இருக்கும் வேலையா, வெறும் உதவியா என்று யார் வந்து சொல்லப்போகிறார்கள்? வீட்டுக்குள் எந்த ஆய்வாளரும் எட்டிப்பார்ப்பதில்லை.

தமிழ்நாடு ஏற்காத 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்த் தொழில்வல்லுநர்களிடம் பயிற்சி என்கிறது. எடுத்துக்காட்டாகத் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் ஆகியோரைச் சொல்லி, பிறகு ‘முதலியோர்’ என்று முடிக்கிறது. பிரசவம் பார்த்த கிழவி, நாற்று நடும் பெண், சத்துணவுக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கும் அக்கா எல்லோரும் அந்த ‘முதலியோரில்’ அடக்கம் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள குயவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் மண் குழைப்பது, காயவைப்பது, தலையில் சுமந்து விற்பது எல்லாம் பெண். சக்கரத்தை மட்டும் தொடக்கூடாது. பத்து நாள் பயிற்சிக்குப் போகும் பெண்பிள்ளையை எங்கே உட்காரவைப்பார்கள்? சக்கரத்தின் முன்னாலா, மண் குழைக்கும் இடத்திலா?

நம் மாநிலத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. நர்சிங், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை என்றால் பெண்கள், மோட்டாரும் மெஷினும் என்றால் ஆண்கள் என்று வகுப்பறைகள் தாமாகப் பிரிந்துகொண்டன. எந்த அரசாணையும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதால், பெண்பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள் என்று யாரும் என்னை வாசித்துவிடக் கூடாது. அந்த நர்சிங் மாணவியே பிறகொரு நாள் சொன்னாள்: “பிரஷர் பாக்கக் கத்துக்கிட்டேன் மேம். இப்ப எங்க தெருவுல எல்லாரும் எங்கிட்டத்தான் வர்றாங்க.” பதினாறு வயதில் அப்பா, அண்ணன் துணையின்றி பஸ் ஏறி ஓரிடத்துக்குப் போய், யூனிஃபார்மோடு நின்றது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. டீ வாங்க அனுப்பியதோடு அந்த மருத்துவமனை நின்றிருந்தால் அவள் அதைக் கற்றிருக்க மாட்டாள். யாரோ ஒரு செவிலியர் கருவியை அவள் கையில் கொடுத்திருக்கிறார். பயிற்சிக்கும் ஒத்தாசைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு கைமாற்றத்தில் இருக்கிறது. அதைத் தற்செயலாக விட்டுவைத்திருப்பதுதான் நம் பிழை.

இன்னொரு பயமும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சியாளரையும் தொழில் பழகுநரையும் பணியாளராகவே கணக்கில் கொள்கிறது. பாதிக்கப்பட்டவர் எந்த வயதினராயினும் புகார் செய்யலாம். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் போக்சோ சட்டமும் இருக்கிறது. என் வகுப்பில் பயிற்சிக்குப் போய்வந்த ஒருவருக்கும் இது சொல்லப்படவில்லை. “கவனமா இருங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கவனமாக இருக்க வேண்டிய பொறுப்பையும் அவர்கள் தலையிலேயே வைத்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு அதே கட்டுரையைக் கொடுத்தபோது தலைப்போடு ஒரு வரி சேர்த்தேன்: ‘சம்பளம் வாங்காமல் செய்ததையும் எழுதலாம்.’ வெறுந்தாள் ஒன்றுகூட வரவில்லை. எட்டு வயதில் தம்பியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவள், தீப்பெட்டி ஒட்டியவள், பாட்டியின் படுக்கைப்புண்ணுக்கு மருந்து போட்டவள். சிலர் கூடுதல் தாள் கேட்டார்கள். தாளை நீட்டியபோது ஒருத்தி கேட்டாள்: “இதுக்கும் மார்க் உண்டா மேம்?”