குருதியில் ஊறியதா குற்றம்?

மதுரையின் ஆறு நூற்றாண்டு வாழ்வைப் பேசும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008இல் வெளிவந்து, 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த இப்புதினத்தை நாம் ஒரே வினாவுடன் அணுக விழைகிறோம்: மனிதனின் நடத்தையை அவனது குருதியே தீர்மானிக்கிறதா?

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. 1871இல் வட இந்தியாவில் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டம் ‘ஆம்’ என்றே விடை பகர்ந்தது. தச்சன் மகன் தச்சனாவதுபோல் திருடன் மகன் திருடனாவான் என்பதே அதனை ஆதரித்தோரின் வாதம். பிறமலைக் கள்ளர் சமூகத்தார் கைரேகை பதிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் மாண்டனர்.

புதினம் தரும் விடை வேறு. தாதனூரில் களவு என்பது மூத்தோர் இளையோர்க்குப் பழக்கும் தொழில். களவறிந்த அக்கைகளே நகருக்குக் காவலும் இருந்தன. காவல் உரிமையை ஆங்கில அரசு பறித்தபோது பிழைப்பும் மானமும் சேர்ந்தே பறிபோயின. குற்றத்தின் வேரைக் குருதியில் தேடாமல் வரலாற்றில் தேடியதே இந்நூலின் பெருமை. எனினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். களவின் நுட்பங்களை ஆசிரியர் சுவைத்துச் சுவைத்து விரிப்பதால், இது பிறவித் திறனோ என்று வாசகர் மயங்க இடமுண்டு. தாம் மறுக்கும் கருத்துக்கே அவரது நடையழகு சில இடங்களில் துணைபோகிறது.

குருதி என்ற இடத்தில் இன்று மரபணு என்ற சொல் வந்து அமர்ந்துள்ளது. 1993இல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றின் ஆடவரிடம் காணப்பட்ட மூர்க்கத்திற்கும் ஒரு மரபணுக் குறைக்கும் தொடர்பு கண்டனர் அறிஞர். ‘குற்ற மரபணு’ கிடைத்துவிட்டதென்று சிலர் ஆர்ப்பரித்தனர். ஆனால் அதே மரபணுவைப் பற்றி 2002இல் நியூசிலாந்தில் வெளிப்பட்ட ஆய்வு நிதானம் கற்பித்தது. அம்மரபணு வலுக்குன்றியிருந்தவர்களுள், இளமையில் வதைபட்டோரிடமே வன்முறை மிகுதியாகத் தலைதூக்கியது. அன்போடு வளர்க்கப்பட்டோரிடம் அவ்வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. மரபணு சாய்வைத் தரலாம், தீர்ப்பைத் தருவதில்லை. தந்தையின் வினை மகனைச் சேரும் என்ற பழமொழியை எசேக்கியேல் இறைவாக்கினர் தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் மறுத்ததும் இவ்விடத்து எண்ணத்தக்கது.

அச்சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. ஆனால் அது நம் நாவிலிருந்து நீங்கிற்றா? கொட்டாம்பட்டித் தேநீர்க் கடையாயினும் நகரத்துப் பள்ளியாயினும், சிறுவன் ஒருவன் தவறிழைத்தால் ‘வித்து அப்படி’ என்று சொல்லிவிடுகிறோம். 1920களில் எழுந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் பயின்றோர் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தனர். இடையில் குருதி மாறிவிடவில்லை. வாய்ப்பே வந்து சேர்ந்தது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு ‘காவல் கோட்ட’த்தைப் படிப்போர், அடுத்த முறை அச்சொல்லை உதிர்க்கத் தயங்குவர். அத்தயக்கம் ஒரு சிறுவனின் வாழ்வைக் காக்கக்கூடும்.