பக்கத்தில் ஒரு பொடி எழுத்து

ஜப்பானியச் சிறுவர் மங்கா ஒன்றைப் புரட்டுங்கள். கான்ஜி எனப்படும் ஒவ்வொரு சீனவழி எழுத்துக்கும் வலப்பக்கத்தில், பாதி அளவில், ஒலியெழுத்துகள் ஒட்டி நிற்கும். அதுதான் ஃபுரிகானா. வரி கிடையாக ஓடினால் அது எழுத்தின் தலைமேல் ஏறிக்கொள்ளும். தைவானின் குழந்தை நூல்களிலோ, ஜூயின் என்னும் ஒலிக்குறிகள் கிடைவரியிலும் வலப்பக்கத்திலேயே நிற்பதுண்டு.

இதன் தேவை உண்மையானது. சூரியனையும் நாளையும் குறிக்கும் ஒரே கான்ஜி இடத்துக்கேற்ப 'ஹி', 'நிச்சி', 'ஜிட்சு', 'கா' என்றெல்லாம் ஒலிக்கும். ஆட்பெயர்களில் பெரியவர்களே திணறுவார்கள். எழுத்தாளர்களோ இதையே விளையாட்டாக்கிவிட்டார்கள்: கான்ஜியில் 'அண்டவெளி' என்று எழுதி, மேலே 'சோரா', அதாவது வானம், என்று வாசிக்கச் சொல்வார்கள். ஒரே சொல்லில் இரண்டு பொருள்!

இணையப் பக்கத்தில் உச்சரிப்பை எழுத்தோடு ஒட்டிவைக்கும் இந்த வேலையைச் செய்வது, பக்கத்தை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லின் 'ரூபி' குறி. இதில் என்னைக் கவர்ந்தது அதன் துணைக்குறியான 'ஆர்பி'. ரூபி தெரியாத உலாவியில் அது உச்சரிப்பை அடைப்புக்குறிக்குள் காட்டிவிடும். தெரிந்த உலாவியில் தானே மறைந்துகொள்ளும். தெரிந்தவரின் வாசிப்பை மறிக்காமல் தெரியாதவருக்குக் கைகொடுக்கும் இதைவிட நாகரிகமான அச்சுக்கலை உத்தி வேறில்லை.