கைக்கருவியும் சந்தையும்: மின்விளையாட்டுப் பொறிகளின் உருவமாற்றம் பற்றிய ஒரு நோக்கு

கருவிகளின் வரலாறு மனிதக் கையின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. உழைப்புக் கருவிகளைச் சமுதாய உறவுகளின் பின்னணியில் வைத்து ஆராயும் மரபு எம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் ஓய்வுநேரத்துக்குரிய கருவிகள் அத்தகைய நோக்குக்கு உட்படுத்தப்படுவது அரிது. அவை வெறும் பொழுதுபோக்குப் பொருள்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். கோடிக்கணக்கான கைகள் நாள்தோறும் ஏந்தும் ஒரு பண்டத்தை இவ்வாறு ஒதுக்கிவிடுதல் பொருத்தமன்று.

மின்விளையாட்டுப் பொறிகளோடு இணைந்துவரும் கொன்ரோலர் எனப்படும் கைக்கருவியே இக்கட்டுரையிற் கருத்திற் கொள்ளப்படுவது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேசன் பொறி 1994, 2000, 2006, 2013, 2020 ஆகிய ஆண்டுகளிற் புதிய தலைமுறையாக வெளிவந்துள்ளது. அதாவது, ஏறத்தாழ ஆறு ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறி மாறுகின்றது. அதனோடு கைக்கருவியும் சிறிதாகவோ பெரிதாகவோ மாறுகின்றது. இம்மாற்றம் ஏன் நிகழ்கின்றது என்ற வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. தொழில்நுட்பம் வளர்கின்றது, அதற்கேற்பக் கருவியும் வளர்கின்றது என்பது உற்பத்தியாளர் கூறும் விடை. மீண்டும் மீண்டும் பணம் பறிப்பதற்கான தந்திரம் இது என்பது பாவனையாளர் பலர் கூறும் விடை. இவ்விரண்டும் உண்மையின் ஒவ்வொரு கூற்றினையே தொடுகின்றன என்பது எமது கருத்து.

உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்குமுள்ள தொடர்பு எமது இலக்கிய விமர்சனத்தில் நீண்டகாலம் விவாதிக்கப்பட்ட பொருளாகும். அத்தொடர்பை இங்கும் காணலாம். 1977 இல் வெளிவந்த அற்றாரியின் பொறிக்கு ஒரு கோலும் ஒரு பொத்தானும் போதுமாயிருந்தன. 1982 இல் நின்ரென்டோ நிறுவனத்தின் கும்பேய் யொக்கோய், மடித்து வைக்கக்கூடிய சிறு விளையாட்டுக் கருவியொன்றிலே, நீட்டி நிற்கும் கோலுக்குப் பதிலாகத் தட்டையான சிலுவைவடிவத் திசைப்பொத்தானை அமைத்தார். அது 1983 இல் பமிக்கொம் பொறியின் கைக்கருவியில் இடம்பெற்றது. 1990 இன் சூப்பர் பமிக்கொம், வலப்புறத்தில் நான்கு பொத்தான்களையும் மேல்விளிம்பில் இரு பொத்தான்களையும் கொண்டு வந்தது. விளையாட்டுகள் சிக்கலடைய, விரல்களுக்குரிய வேலையும் பெருகிற்று.

முப்பரிமாண வெளி விளையாட்டினுட் புகுந்தபோது இத்தொடர்பு மேலும் துலாம்பரமாகின்றது. சிலுவைப் பொத்தான் அழுத்தம் உண்டு, இல்லை என்ற இரண்டையே அறியும். எவ்வளவு சாய்க்கப்பட்டது என்பதை அறிய வேறொரு கருவி வேண்டியிருந்தது. 1996 இல் வந்த நின்ரென்டோ 64 இன் கைக்கருவி, பெருவிரலால் அசைக்கும் சிறு கோலொன்றைக் கொண்டிருந்தது. அதனை மெல்லச் சாய்த்தால் பாத்திரம் நடக்கும். முற்றாகச் சாய்த்தால் ஓடும். 1994 இன் பிளேஸ்ரேசன் கைக்கருவியில் அத்தகைய கோல் இருக்கவில்லை. சோனி அடுத்த தலைமுறை வரை காத்திராது, 1997 இலேயே இரு கோல்களைக் கொண்ட கைக்கருவியை வெளியிட்டது. அதே ஆண்டில் அதிர்வையும் இணைத்து டூவல்ஷொக்கை வழங்கியது. ஆனால் 2000 இல் புதிய பொறி வந்தபோது கைக்கருவியின் உருவம் ஏறக்குறைய அவ்வாறே நீடித்தது.

இவ்விடத்தில் நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. உள்ளடக்கத்தின் தேவை வலுவாயிருந்தபோது தலைமுறையின் நடுவிலேயே உருவம் மாறிற்று; அத்தேவை இல்லாதபோது தலைமுறை மாறியும் உருவம் மாறவில்லை. எனவே தலைமுறை என்பது தொழில்நுட்பத்தின் இயல்பான கால அளவன்று. சந்தை தனக்கென வகுத்துக்கொண்ட கால அளவாகும். உற்பத்தியாளரின் விடை இவ்விடத்திலேயே வலுவிழக்கின்றது.

புலமைச் சொத்துரிமையின் பங்கும் சிறிதன்று. சிலுவைப் பொத்தானுக்குரிய அமெரிக்க ஆக்கவுரிமைப் பத்திரம் 1987 இல் நின்ரென்டோவுக்கு வழங்கப்பட்டது. இதனிலும் தெளிவான சான்று அதிர்வுபற்றிய வழக்காகும். இம்மேர்சன் என்னும் நிறுவனம் தனது ஆக்கவுரிமை மீறப்பட்டதாக 2002 இல் சோனி மீதும் மைக்ரோசொப்ற் மீதும் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசொப்ற் 2003 இல் இணக்கத்துக்கு வந்தது. 2004 இல் யூரர் சபை சோனிக்கு எதிராக ஏறத்தாழ 82 மில்லியன் டொலர் இழப்பீடு விதித்தது. 2006 இல் பிளேஸ்ரேசன் 3 வெளிவந்தபோது அதன் கைக்கருவியில் அதிர்வு இருக்கவில்லை. அசைவை அறியும் உணரிகளுக்கு அதிர்வு இடையூறாகும் என்றும், அதிர்வு முந்திய தலைமுறைக்குரியது என்றும் விளக்கம் கூறப்பட்டது. 2007 மார்ச்சில் வழக்கு இணக்கமாக முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில், அசைவுணரிகளும் அதிர்வும் ஒருங்கே அமைந்த டூவல்ஷொக் 3 யப்பானில் விற்பனைக்கு வந்தது. முந்திய ஆண்டு கூறப்பட்ட தொழில்நுட்ப விளக்கம் எத்துணை உறுதியானது என்பதை வாசகர் தாமே தீர்மானிக்கலாம்.

அவ்வாறாயின் எல்லாமே இலாபத்தின் விளையாட்டுத்தான் என்று முடித்துவிடலாமா? அது இயந்திரரீதியான முடிபாகும். இலாபநோக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஆயின் அவை நடந்துகொண்ட முறைகள் வேறுவேறானவை. கேம்கியூப் பொறி ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம் மட்டுமே விற்பனையாக, பிளேஸ்ரேசன் 2 பதினைந்து கோடியைக் கடந்தது. வலுப்போட்டியிற் பின்தங்கிய நின்ரென்டோ, 2006 இல் வீ என்னும் பொறியின் மூலம் கைக்கருவியின் உருவத்தையே தலைகீழாக மாற்றியது. தொலைக்காட்சியின் தொலையியக்கி போன்ற அக்கருவியை வீசியும் அசைத்தும் விளையாடலாம். பொத்தான்களின் பெருக்கத்தைக் கண்டு ஒதுங்கியிருந்த முதியோரும் இதனாற் பங்குகொண்டனர். பத்துக் கோடிக்கு மேற்பட்ட பொறிகள் விற்பனையாயின. சந்தையின் நெருக்கடியிலிருந்து பிறந்த மாற்றம் ஒன்று, விளையாட்டின் சமுதாயத் தளத்தை விரிவாக்கிற்று என்பதை நாம் மறுத்தல் இயலாது.

புதுமை எப்போதும் பயன் தருவதுமில்லை. 2012 இல் திரையோடு கூடிய கைக்கருவியைக் கொண்டு வந்த வீ யூ, ஏறத்தாழ 1 கோடி 35 இலட்சத்தோடு நின்றுவிட்டது. உடலசைவைக் கமராவால் அறியும் கினெக்ற் கருவியை 2013 இல் மைக்ரோசொப்ற் தனது எக்ஸ்பொக்ஸ் வண் பொறியோடு சேர்த்து 499 டொலருக்கு விற்றது. வேண்டாதவரும் அதனை வாங்கவேண்டியிருந்தது. அதனின்றி 399 டொலருக்குப் பொறி கிடைத்தது 2014 யூனிலேதான். பாவனையாளரின் மறுப்பும் கருவியின் உருவத்தை நிருணயிக்கும் ஒரு சக்தி என்பதற்கு இது சான்று.

2020 ஆம் ஆண்டு எமது வாதத்துக்கு மிகப் பயனுள்ள ஒப்பீடொன்றைத் தருகின்றது. அவ்வாண்டு நவம்பரில் இரு நிறுவனங்களும் புதிய பொறிகளை வெளியிட்டன. மைக்ரோசொப்ற் தனது பழைய எக்ஸ்பொக்ஸ் வண் கைக்கருவிகள் புதிய பொறியிலும் இயங்க இடமளித்தது. சோனியோ, பழைய டூவல்ஷொக் 4 புதிய பொறியிற் பழைய விளையாட்டுகளுக்கு மட்டுமே உதவும் என்றது. புதிய டூவல்சென்சின் நுண்ணதிர்வையும் தடை தரும் விசைகளையும் புதிய விளையாட்டுகள் பயன்படுத்த வேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். ஆனால் அவ்விரு வசதிகளையும் பாவனையாளர் விரும்பின் நிறுத்திவிட்டு விளையாடலாம். நிறுத்தக்கூடிய ஒன்று எவ்வாறு இன்றியமையாததாகும்? டூவல்சென்சின் விசைகள் வில்லின் நாண் இழுபடுவதைக்கூட விரலுக்கு உணர்த்தவல்லவை. அது மெய்யான சாதனையே. பழைய கருவியைப் பயனற்றதாக்கியதோ அச்சாதனையின் விளைவன்று. தனியே எடுக்கப்பட்ட வணிக முடிவாகும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே விமர்சகனின் கடமை.

இனி, இக்கருவிகள் யாருடைய கையை மனத்திற் கொண்டு அமைக்கப்படுகின்றன என்ற வினா எழுகின்றது. 2001 இல் வந்த முதல் எக்ஸ்பொக்சின் கைக்கருவி பெரிதாயிருந்தது. யப்பானியச் சந்தைக்கெனச் சிறிய கைக்கருவியொன்று 2002 இல் ஆக்கப்பட்டது. பின்னர் அதுவே ஏனைய நாடுகளிலும் பொதுவடிவமாயிற்று. பெரிய கருவி உலகப் பொதுக்கைக்கு உரியதன்று என்பது இதனாற் புலனாயிற்று. பண்பாட்டு நிலையில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. யப்பானிய வழக்கில் வட்டம் சரி என்பதையும் பெருக்கற்குறி பிழை என்பதையும் குறிக்கும். அங்கு பிளேஸ்ரேசனில் வட்டமே உடன்பாட்டுப் பொத்தானாக இருந்து வந்தது; மேலை நாடுகளிற் பெருக்கற்குறி அவ்விடத்தைப் பெற்றது. 2020 இல் யப்பானிலும் பெருக்கற்குறியே உடன்பாட்டுப் பொத்தானாக்கப்பட்டது. யப்பானிற் பிறந்த கருவியே மேலைச் சந்தையின் வழக்குக்குத் தன் குறியீட்டை விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

உடலுக்கு நேரும் தீங்கும் கருதத்தக்கது. நின்ரென்டோ 64 இன் மாரியோ பார்ட்டி விளையாட்டிற் சில பகுதிகள் கோலை விரைந்து சுழற்றுமாறு கோரின. உள்ளங்கையால் அதனைச் சுழற்றிய சிறுவருக்குக் கொப்புளங்களும் காயங்களும் உண்டாயின. நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் தலையிட, 2000 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கையுறைகளை இலவசமாக வழங்க இணங்கிற்று. கருவியைக் கைக்கு ஏற்ப மாற்றுவதற்குப் பதிலாகக் கைக்கு உறை அணிவிக்கப்பட்டது. 2017 இன் சுவிற்ச் பொறியிலோ, கோலின் தொடுமேற்பரப்பு தேய்ந்து, தொடாமலே அசைவு பதிவாகும் குறை பரவலாக முறையிடப்பட்டது. 2023 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலையீட்டின் பின், ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்தில் அதனை இலவசமாகத் திருத்தித்தர நின்ரென்டோ உடன்பட்டது. தேய்வுக்கு இடமளிக்காத காந்த உணரிகள் 1998 ஆம் ஆண்டிலேயே சேகாவின் டிரீம்காஸ்ற் கைக்கருவியிற் பயன்பட்டன என்பதை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். நல்ல வழிகள் நிலைபெறுவதற்குத் தொழில்நுட்பம் மட்டும் போதாது.

எனினும் நம்பிக்கை தரும் போக்குகளும் உள்ளன. இரு கைகளையும் பத்து விரல்களையும் உடையவரே விளையாடுபவர் என்ற எடுகோள் நெடுங்காலம் கேள்விக்குட்படவில்லை. 2018 இல் மைக்ரோசொப்ற் வெளியிட்ட தகவமைப்புக் கைக்கருவி, அவரவர் உடல்நிலைக்கேற்ற வெளிப்பொத்தான்களையும் மிதிகளையும் இணைக்க வழிசெய்தது. 2023 இல் சோனியும் அத்தகைய கருவியொன்றை வெளியிட்டது. ஆயின் இவர்களுக்கு ஒரு கருவியைத் தமக்கேற்ப ஒழுங்குசெய்தல் நீண்ட முயற்சியாகும். துணைப் பொத்தான்களுக்குத் தனியாகப் பணம் செலுத்தவும் வேண்டும். தலைமுறை மாறும்போது அவ்வொழுங்கு முழுவதும் பயனற்றுப்போகுமாயின், ஏனையோருக்குச் சிறு செலவாக உள்ளது இவர்களுக்கு விளையாட்டிலிருந்தே வெளியேற்றமாகிவிடும். கைக்கருவியின் மாற்றம் அற்ப விடயமன்று என நாம் வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

எனவே, உருவமாற்றத்தை மதிப்பிடுவதற்கு நாம் இரு வினாக்களை எழுப்பலாம். புதிய உருவம் முன்பு இயலாத எதனை இயலச்செய்கின்றது? பழைய கருவியிற் பழகிய கையின் திறனையும், மக்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துப் பெற்றதையும் அது பேணுகின்றதா, ஒதுக்குகின்றதா? 1996 இன் சிறு கோலும் 2006 இன் அசைவுக் கருவியும் முதலாவது வினாவுக்குத் தக்க விடையளித்தன. இரண்டாவது வினாவுக்கு 2020 இல் எக்ஸ்பொக்ஸ் அளித்த விடையும், 2025 இல் வெளிவந்த சுவிற்ச் 2 பழைய கைக்கருவிகளைக் கம்பியின்றி ஏற்றுக்கொண்டமையும் முன்னுதாரணங்களாகும். மாற்றத்தை எதிர்ப்பது எமது நோக்கமன்று. மாற்றத்தின் பெயரால் விற்கப்படுவது எது, மெய்யாகவே மாறியது எது எனக் கேட்கும் உரிமை கருவியை ஏந்தும் கைக்கு உண்டு. அவ்வுரிமை பயன்படுத்தப்பட்ட இடங்களிலெல்லாம் உற்பத்தியாளர் ஓரளவேனும் இறங்கிவந்தனர் என்பதை மேற்காட்டிய சான்றுகள் நிறுவுகின்றன.